ஜப்பானியருக்கு விளையாட்டு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறீர்களா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்குக் குடிவந்த சில மாதங்களிலேயே நம்மில் பலருக்கு அந்த அழைப்பு வந்துவிடும். பிள்ளையின் பள்ளியில் பழக்கமான ஒரு தாய், அடுக்ககத்தில் எதிர்வீட்டுப் பெரியவர், கணவரின் அலுவலகத் தோழர் என்று யாராவது ஒருவர், "வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பழக முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். ஒப்புக்கொள்வீர்கள். முதல் வகுப்பில் குடும்பம், இரண்டாவதில் சாப்பாடு. மூன்றாவதில் விளையாட்டு வந்தே தீரும், ஏனென்றால் பள்ளியில் ஏதாவது ஒரு விளையாட்டுக் கழகத்தில் இருந்து வியர்வை சிந்தாத ஜப்பானியரைப் பார்ப்பது அரிது. அங்கேதான் வண்டி நின்றுவிடும்.

அவர்களுக்குச் சொல் தெரியாது என்பதில்லை. நூற்றுக்கணக்கில் தெரியும். அவற்றில் பாதி, ஆங்கிலத் துண்டுகளைக் கொண்டு ஜப்பானிலேயே செய்து, ஜப்பானிலேயே புழங்குகிற சொற்கள். அமெரிக்கரிடமோ ஆங்கிலேயரிடமோ சொன்னால் விழிப்பார்கள். கடையில் கிடைக்கும் பாடப்புத்தகங்கள் இவற்றை அகரவரிசையில் அடுக்கிக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடுகின்றன. எதை முதலில் எடுப்பது, எதை விட்டுத்தள்ளுவது என்று எவரும் சொல்வதில்லை. திணறித் திணறி நான் கண்டுகொண்ட வரிசையைக் கீழே தருகிறேன். சொற்களுக்கு முன்னால் காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. விசா அனுமதி: ஒரு யென் வாங்குவதற்கு முன்பே

காசு வாங்காமல் நட்புக்காகப் பேசுவதென்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். கட்டணம் வாங்குவதென்றால் வசிப்பு அட்டையை, அதாவது ஸைர்யூ கார்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். டிபெண்டன்ட் விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்பவர்கள் வேலை செய்ய 'ஷிகாகுகாய் கட்சுதோ க்யோகா' என்ற தனி அனுமதி வேண்டும். கிடைத்தால் அட்டையின் பின்புறம் அதற்கான குறிப்பு இருக்கும்.

விண்ணப்பப் படிவம், வசிப்பு அட்டை, பாஸ்போர்ட் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடிவரவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கட்டணம் இல்லை. பதில் வர இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை பிடிக்கும். ஏப்ரலில் வகுப்பைத் தொடங்க நினைப்பவர் பிப்ரவரி முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இதில் பலர் விழுகிற குழிகள் மூன்று. வாரத்துக்கு 28 மணி நேரம் என்ற வரம்பை எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் மீறக்கூடாது என்பது ஒன்று. திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்குச் சரியாக இருந்து, புதன் முதல் செவ்வாய் வரை எண்ணும்போது கூடிவிட்டால் அதுவும் மீறல்தான். அடுத்தது இன்னும் முக்கியம்: இந்தப் பொது அனுமதி, ஒரு நிறுவனத்தில் மணிக்கணக்குக்கு வேலை செய்பவர்களை மனத்தில் வைத்தது. நீங்களே மாணவர் பிடித்து நீங்களே கட்டணம் வாங்கினால், எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று வெளியார் உறுதிப்படுத்த வழியில்லை. அதற்குத் தனிப்பட்ட அனுமதி கேட்க வேண்டியிருக்கும். என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு வருமானம் வரும் என்பதை விளக்கும் காகிதங்களும் அப்போது தேவைப்படும். மூன்றாவது, விசாக் காலம் முடியும்போது இந்த அனுமதியும் கூடவே முடிந்துவிடும். விசாவைப் புதுப்பிக்கும்போது இதற்கும் சேர்த்து விண்ணப்பம் கொடுங்கள். தானாக நீளும் என்று இருந்துவிடாதீர்கள்.

கம்பெனி வேலை விசாவில் இருப்பவர்கள், வெளி வேலையை நிறுவனம் அனுமதிக்கிறதா என்று மனிதவளப் பிரிவிலும், விசா அனுமதிக்கிறதா என்று குடிவரவு அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

2. இடமும் கட்டணமும்

வார்டு அல்லது நகராட்சியின் சமுதாயக் கூட அறைகள்தான் மலிவு. சில நூறு யென்னுக்கு அரை நாள் கிடைக்கும் அறைகள் உண்டு. முன்கூட்டியே குழுவாகப் பதிவு செய்ய வேண்டும். உறுப்பினர்களில் குறிப்பிட்ட பங்கினர் அந்த வட்டாரத்தில் வசிக்கவோ வேலை செய்யவோ வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. மாணவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள் என்பதால், அவர்களில் ஒருவர் பெயரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். படிவமும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், உங்களுக்கு வேலை மிச்சம். லாப நோக்கில் நடத்தும் வகுப்பை இந்தக் கூடங்கள் ஏற்காமல் போகலாம், ஏற்றாலும் கூடுதல் வாடகை கேட்கலாம். பதிவு செய்வதற்கு முன் விதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி ஒருவருக்குக் காபிக் கடையில் சொல்லித்தந்தால் மணிக்கு 2,000 முதல் 3,500 யென் வரை வாங்குவது வழக்கம். உங்கள் காபிக்கான காசையும் மாணவரே கொடுத்துவிடுவார், கூச்சப்பட்டுத் தடுக்க வேண்டாம். குழு வகுப்பென்றால் தலைக்கு 500 யென் நாணயம் ஒன்று. அதை அவர்கள் 'வன் கோயின்' என்பார்கள். அதுவும் இங்கேயே செய்த ஆங்கிலம்தான், முதல் பாடமாக அதையே வைத்துக்கொள்ளலாம். நகல் எடுக்கக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கறுப்பு வெள்ளைப் பக்கம் ஒன்றுக்குப் பெரும்பாலும் 10 யென்.

3. பட்டியலை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்

முதல் வகுப்பில் நீங்கள் எதையும் சொல்லித்தர வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, பள்ளியில் விளையாடிய விளையாட்டைப் பற்றிக் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல் தெரியாத இடத்தில், பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கத்தகானா எழுத்தில் அப்படியே எழுதட்டும். அந்தத் தாள்கள்தான் உங்கள் பாடத்திட்டம். கால்பந்து ஆடியவருக்குப் பேஸ்பால் சொற்களைத் திணித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

எதற்காகப் படிக்கிறார் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவுக்கு மாற்றலாகிப் போகிறவர், லண்டன் கிளையோடு பேசுகிறவர், எய்க்கென் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதும் பிள்ளை மூவருக்கும் தேவை வேறு. மைதானத்தை அமெரிக்கர் 'ஃபீல்டு' என்பார், ஆங்கிலேயர் கால்பந்து மைதானத்தைப் 'பிட்ச்' என்பார். மூன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கு அமெரிக்கருக்கு 'த்ரீ நத்திங்', ஆங்கிலேயருக்கு 'த்ரீ நில்'. ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய கடிவாளமும் ஒன்று உண்டு. நாம் கிரிக்கெட் ஆங்கிலத்தில் ஊறியவர்கள், அவர்கள் பேஸ்பால் ஆங்கிலத்தில் ஊறியவர்கள். 'பிட்ச்' என்றால் நமக்கு 22 கஜ நிலம், அவர்களுக்குப் பந்து எறிதல். 'இன்னிங்ஸ்' நமக்கு ஒருமையிலும் 'ஸ்' போட்டே வரும். பேஸ்பாலில் ஒருமை 'இன்னிங்'. 'நாக்' என்றால் நமக்கு ஒருவர் நன்றாக ஆடிய ஆட்டம். ஜப்பானியருக்கு 'நொக்கு' என்பது பயிற்சியாளர் மட்டையால் அடித்தனுப்பும் பந்துகளைத் தடுத்துப் பிடிக்கும் பயிற்சி, 'ஆயிரம் நொக்கு' என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அமெரிக்கர் காதில் இரண்டுமே ஏறாது, 'ஃபீல்டிங் பிராக்டிஸ்' என்றால்தான் புரியும். அவர் சொல்வதைத் திருத்தப்போய் நம்முடைய கிரிக்கெட் சொல்லைக் கொடுத்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிவிடும்.

4. வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள்

பெயர்ச்சொற்களைப் பிறகு பார்க்கலாம். டென்னிஸ், ஜூடோ, பனிச்சறுக்கு எதுவானாலும் ஜப்பானிய மொழியில் 'சுரு' என்ற ஒரே வினை போதும். எனவே 'ஐ பிளே ஸ்கீ', 'ஐ பிளே ஜூடோ' என்று எல்லாவற்றுக்கும் 'பிளே' போட்டுவிடுவார்கள். நமக்கு இது எளிதில் புரியும். பந்து விளையாடுகிறோம், நீச்சல் அடிக்கிறோம், சிலம்பம் சுற்றுகிறோம், கபடி ஆடுகிறோம்.

பிரித்துக் கொடுக்கச் சுருக்கு வழி இது: பந்து, மட்டை, எதிரணி உள்ளவற்றுக்குப் 'பிளே'. தற்காப்புக் கலை, யோகா, ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றுக்கு 'டூ'. ஸ்கீயிங், ஸ்விம்மிங், ஸ்கேட்டிங், ஃபிஷிங் போல 'இங்' ஒலியில் முடிபவற்றுக்கு 'கோ'. பாக்ஸிங் மாதிரி வழுக்குகிற சில உண்டு, அவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

'கோ' வகையில்தான் இரண்டாவது வழுக்கல். 'கோ டு ஸ்கீயிங்' என்பார்கள், அதைத் திருத்தினால் 'கோ ஸ்கீயிங் டு ஹகுபா' என்பார்கள். பனிச்சறுக்கு ஊரான ஹகுபாவுக்கு முன்னால் 'இன்' வர வேண்டும். ஊருக்குப் 'போகிறோம்' என்ற நினைப்பு 'டு'வை இழுத்துக்கொண்டு வருகிறது. இந்த ஒன்றைச் சரிசெய்ய ஒரு முழு வகுப்பு ஆனாலும் பரவாயில்லை. விளையாட்டைத் தாண்டிக் கடைக்குப் போவது, முகாமுக்குப் போவது எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு உதவும்.

5. கத்தகானாவில் ஒன்றாகிவிடும் இரட்டைகள்

இது ஒலிப்பாடம். ஜப்பானிய எழுத்தில் எழுதும்போது வெவ்வேறு ஆங்கிலச் சொற்கள் ஒரே உருவம் எடுத்துவிடுகின்றன. 'ஃபேன்', 'ஃபன்' இரண்டும் ஒரே எழுத்து. ஆகவே 'நான் பேஸ்பால் ரசிகன்' என்பது 'நான் பேஸ்பால் வேடிக்கை' ஆகிவிடும். ஓடுதளமான 'ட்ராக்'கும் சரக்கு வண்டியான 'ட்ரக்'கும் ஒன்று. டென்னிஸ் 'கோர்ட்'டும் குளிருக்குப் போடும் 'கோட்'டும் ஒன்று. ஸ்கேட்டிங் 'ரிங்க்'கும் இணைப்பான 'லிங்க்'கும் ஒன்று. ஓட்டப் பந்தய 'ரேஸ்', சேலை ஓரத்து 'லேஸ்', இவையும் அப்படியே. உயரப் பறக்கும் பந்து 'ஃப்ளை', எண்ணெயில் பொரிப்பது 'ஃப்ரை', இரண்டும் 'ஃபுராய்'. கையுறையை 'குரோபு' என்பதால் ஆங்கிலக் காதில் பூகோள உருண்டை வந்து விழுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 'போரிங்கு'. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனோடு பௌலிங் போவதில் தனக்கு எவ்வளவு ஆசை என்று ஒரு பெரியவர் முகமெல்லாம் மலரச் சொன்னார். காதில் விழுந்ததோ, சலிப்பூட்டும் விஷயங்கள் என்றால் தனக்கு உயிர் என்று.

ல, ள, ழ, ர, ற என்று ஐந்தையும் வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்கு இந்தக் குழப்பம் வேடிக்கையாகத் தோன்றும். சிரித்துவிடாதீர்கள். ஒருமுறை சிரித்தால் அடுத்த வகுப்பில் அவர் வாயே திறக்க மாட்டார். நாக்கை எங்கே வைப்பது என்று படம் வரைந்து விளக்குவதைவிட, இரட்டைகளை வைத்துச் சிறு வாக்கியங்கள் செய்து கொடுப்பது பலன் தருகிறது. 'ட்ராக்கில் ட்ரக் நின்றது', 'கோர்ட்டுக்குக் கோட் போட்டுக்கொண்டு வந்தேன்' என்கிற மாதிரி. கைப்பேசியில் பதிந்து, வீட்டில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

6. பேஸ்பால்: அதிக நேரம் இங்கேதான்

மாணவர் நாற்பது வயதைத் தாண்டிய ஆணாக இருந்தால் இந்தப் படிக்கே மூன்று வகுப்பு ஒதுக்குங்கள். பேஸ்பால் தெரியாத நம்மவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து விதிகளைப் படித்துக்கொள்வது அவசியம். ஒன்பது இன்னிங், மூன்று ஸ்ட்ரைக், நான்கு பால், மூன்று அவுட். இவ்வளவு தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில் 'டெட்டோ போரு'. எறிந்த பந்து மட்டையாளர் உடம்பில் படுவதை ஜப்பானில் இப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டெட் பால்' என்றால் ஆட்டத்தில் இல்லாத பந்து. கிரிக்கெட்டிலும் அதே பொருள்தான், நமக்குத் தெரிந்ததே. 'பள்ளியில் டெட் பால் ஆகி ஆஸ்பத்திரிக்குப் போனேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் தலையைத் தடவிக் காட்டும் வரை அமெரிக்கருக்கு எதுவும் விளங்காது. சொல்ல வேண்டியது 'ஐ வாஸ் ஹிட் பை எ பிட்ச்'.

'ஃபோவா போரு' என்பது நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் இலவச நடை. ஆங்கிலத்தில் அது வெறும் 'வாக்'. 'ஃபோர்பால்' என்று சொன்னால் கோல்ஃபில் நால்வர் ஆடும் ஒரு முறை. இங்கே ஒலிக்குழியும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் 'வாக்', 'வொர்க்' இரண்டும் அவர்கள் வாயில் பக்கம் பக்கமாக வரும்.

மின்விளக்கில் நடக்கும் ஆட்டம் 'நைட்டா'. ஆங்கிலத்தில் 'நைட் கேம்'. எல்லாத் தளத்திலும் ஆள் நிற்கும் நிலை 'ஃபுரு பேசு', ஆங்கிலத்தில் 'பேஸஸ் லோடட்'. வேலியைத் தாண்டாமலே ஓடியே எடுக்கும் ஹோம் ரன் 'ரன்னிங்கு ஹோமுரன்', ஆங்கிலத்தில் 'இன்சைட் த பார்க் ஹோம் ரன்'. தந்தையும் மகனும் பூங்காவில் பந்தை எறிந்து பிடித்து விளையாடுவது 'க்யாச்சி போரு', ஆங்கிலத்தில் 'பிளே கேட்ச்'. ஓட்டம் எடுத்து வீடு சேர்வது 'ஹோமு இன்', ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' என்றாலே போதும். ஆட்டம் முடிந்ததும் ஒலிக்கும் 'கேமு செட்டோ' ஆங்கிலக் காதுக்கு டென்னிஸ் நடுவரின் குரலாகத்தான் கேட்கும்.

'கோருடோ கேமு' தனியாக நிற்க வேண்டியது. உயர்நிலைப் பள்ளிகளின் மாவட்டப் போட்டிகளில் ஐந்து இன்னிங் முடிவில் பத்து ஓட்டம், ஏழு இன்னிங் முடிவில் ஏழு ஓட்டம் என்று இடைவெளி விழுந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதற்குத்தான் இந்தப் பெயர். குளிர்ச்சியான ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஜப்பானியர் ஏராளம். உண்மையில் நடுவர் 'கால்' செய்து முடித்த ஆட்டம், 'கால்டு கேம்'. அமெரிக்கர் இந்த விதியை 'மெர்ஸி ரூல்' என்பார்கள். விஷயத்தைச் சொன்னதும் வகுப்பே ஒருமுறை "ஏஏஏ" என்று வியக்கும்.

எண் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானியத் தொழில்முறைப் பேஸ்பாலில் 2010 முதல்தான் உலக வழக்கப்படி 'பால்' எண்ணிக்கையை முதலிலும் 'ஸ்ட்ரைக்' எண்ணிக்கையைப் பிறகும் சொல்கிறார்கள். அதற்கு முன் ஸ்ட்ரைக்தான் முதலில். எனவே வயதானவர்கள் மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் நிலையை இன்னும் 'டூ த்ரீ' என்பார்கள். ஆங்கிலத்தில் அது 'த்ரீ அண்ட் டூ'. இளைஞர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வயதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

7. கால்பந்து, வாலிபால்: சுருக்கமாக

கால்பந்தில் நான்கு சொல் போதும். 'ரோசு டைமு' என்பது வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்க்கும் நேரம், ஆங்கிலத்தில் 'ஸ்டாப்பேஜ் டைம்'. ஜப்பானிய ஒளிபரப்புகளே இப்போது 'அடிஷனல் டைம்' என்கின்றன. 'சென்டரிங்கு' என்பது 'கிராஸ்'. தலையால் முட்டிய பந்து 'ஹெடிங்கு' அன்று, 'ஹெடர்'. 'பி கே சென்' என்பது 'பெனால்டி ஷூட் அவுட்'.

வாலிபாலில் 'அட்டாக்கு' என்பதை 'ஸ்பைக்' ஆக்குங்கள். 'தோசு' என்பதை 'செட்' ஆக்குங்கள். தாய்மார் குழுக்களில் வாலிபால் ஆடியவர்கள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும்.

8. உடுப்பும் ஜிம்மும்: வெட்கப்படவைக்கும் பகுதி

இங்கே தவறினால் புரியாமல் போவதோடு நிற்காது, தர்மசங்கடமும் ஆகிவிடும். அமெரிக்கக் கடையில் 'ட்ரெய்னிங் பேன்ட்ஸ்' கேட்டால் சிறுநீர் கழிக்கப் பழகும் குழந்தையின் ஜட்டியைக் காட்டுவார்கள். வேண்டியது 'ஸ்வெட் பேன்ட்ஸ்'. ஜப்பானில் 'தொரெய்னா' என்றால் தடித்த பருத்திச் சட்டை. ஆங்கிலத்தில் அது 'ஸ்வெட் ஷர்ட்', 'ட்ரெய்னர்' என்பவர் பயிற்சி தரும் மனிதர். லண்டனிலோ 'ட்ரெய்னர்ஸ்' என்றால் காலணி. 'ஜாஜி' என்பது 'ட்ராக் சூட்', ஆங்கிலத்தில் 'ஜெர்ஸி' என்றால் அணியின் சட்டை. முழங்காலுக்குப் போடும் 'சபோட்டா'வை மருந்துக்கடையில் அப்படியே கேட்க வேண்டாம். 'நீ பிரேஸ்' என்று கேட்கச் சொல்லுங்கள். வெறும் 'சப்போர்ட்டர்' என்றால், ஒன்று அணியின் ரசிகர், இல்லாவிட்டால் விளையாட்டு வீரர்கள் இடுப்புக்குக் கீழே அணியும் உள்ளாடை.

ஜிம்மில் 'ரன்னிங்கு மெஷின்' என்பது 'ட்ரெட்மில்'. 'சண்டோபக்கு' என்று அவர்கள் குத்துவது 'பஞ்சிங் பேக்'. ஆங்கிலத்தில் 'ஸேண்ட்பேக்' வெள்ளத்தைத் தடுக்க அடுக்கும் மணல் மூட்டை. இந்தப் படிக்கு அரை வகுப்புக்கு மேல் வேண்டாம். துணிக்கடை விளம்பரத் தாள்களைக் கொண்டுபோங்கள், படத்தைக் காட்டினால் வேலை பாதி முடிந்தது.

9. பதவி, ஊக்கக் குரல், முடிவு

'உயர்நிலைப் பள்ளியில் நான் பேஸ்பால் அணியின் மேனேஜர்' என்று ஓர் அம்மாள் சொல்வார். ஆங்கிலக் காதில் அது அணியையே நடத்திய தலைமைப் பொறுப்பு. வியந்துபோய் மேலும் மேலும் கேட்பார்கள், இவர் குழம்பிப்போவார். ஜப்பானியப் பள்ளிக் கழகங்களில் 'மனேஜா' என்றால் தேநீர் காய்ச்சி, ஓட்டக் கணக்கு எழுதி, பந்துகளைத் துடைத்து வைக்கும் மாணவர், பெரும்பாலும் மாணவி. 'ஸ்டூடண்ட் மேனேஜர்' என்று சொன்னால் நெருங்கி வரும். அணியை நடத்துபவரை ஜப்பானில் 'கந்தொக்கு' என்பார்கள். அவர் பேஸ்பாலில் 'மேனேஜர்', கூடைப்பந்தில் 'ஹெட் கோச்'. பழைய மாணவரைக் குறிக்கும் 'ஓ பி'யை 'அலம்னஸ்' ஆக்குங்கள். இல்லையென்றால் எல்லை தாண்டிய கோல்ஃப் பந்து நினைவுக்கு வரும்.

மைதானத்தில் கத்தும் 'ஃபைட்டோ!' ஆங்கிலத்தில் அடிதடிக்கு அழைப்பு. 'கம் ஆன்!' அல்லது 'லெட்ஸ் கோ!' என்று பழக்குங்கள். தவறு செய்த தோழருக்குச் சொல்லும் 'தொன்மாய்'க்குப் பதில் 'நெவர் மைண்ட்' அல்லது 'நோ வொரீஸ்'. உள்ளங்கை தட்டுவது 'ஹை டட்ச்சி' அன்று, 'ஹை ஃபைவ்'. 'ரிபெஞ்சி' 1999இல் பந்து எறிவாளர் தைசுகே மட்சுசகாவின் வாயிலிருந்து நாடெங்கும் பரவி, அந்த ஆண்டின் புதுச்சொல் விருதையே வாங்கிய சொல். தங்களைத் தோற்கடித்த அணியோடு மீண்டும் மோதுவதிலிருந்து, போன வாரம் மூடியிருந்த ராமென் கடைக்கு மறுபடி போவது வரை எல்லாவற்றுக்கும் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் அது பழிவாங்கல். சாதுவான ஒரு பாட்டி 'அடுத்த மாதம் ரிவெஞ்ச்' என்றால் கேட்பவர் நடுங்கிப்போவார். 'ட்ரை அகெய்ன்' போதும். 'சாரெஞ்சி'யும் இதே இனம். ஆங்கிலத்தில் எதிராளியைச் 'சேலஞ்ச்' செய்யலாம், மாரத்தானை 'ட்ரை' செய்ய வேண்டும்.

'பெசுட்டோ ஃபோ' என்றால் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகள். 'வி மேட் த செமிஃபைனல்ஸ்' என்று சொல்லச் சொல்லுங்கள். வயதானவர்கள் 'வி 9' என்றால், யோமியூரி ஜயன்ட்ஸ் அணி 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது முறை வென்ற ஜப்பான் சாம்பியன் பட்டங்கள். 'நைன் ஸ்ட்ரெய்ட் டைட்டில்ஸ்' என்று மாற்றிக் கொடுங்கள். அவர் முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசுவார்.

இந்தப் படியில் நாமும் தேர்வெழுத வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 'அவனை ஜெயித்தேன்' என்று தமிழிலிருந்து யோசித்து 'ஐ வொன் ஹிம்' என்று நம்மவர்கள் சொல்வது சாதாரணம். ஜப்பானியரும் அதையே சொல்வார்கள், நம் காது அதைப் பிடிக்காமல் விட்டுவிடும். ஆட்டத்தை 'வின்', எதிராளியை 'பீட்', தோற்றால் 'லாஸ்ட் டு'. வகுப்புக்கு முன் நீங்கள் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. எந்த மாதம் எந்தப் பாடம்

ஜப்பானில் எல்லாம் ஏப்ரலில் தொடங்கும். கழகங்களில் புது மாணவர் சேரும் காலம் அதுதான் என்பதால் பதவிச் சொற்களை அப்போது எடுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் விடுமுறை, வகுப்புக்கு ஆள் வராது. எய்க்கென் முதல்கட்டத் தேர்வு ஜூன், அக்டோபர், ஜனவரி என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும். மூன்றாம் நிலையிலிருந்து நேர்முகமும் உண்டு. தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டு மாதம் முன்பே நான்காம் படியை முடித்துவிடுங்கள்.

ஜூலையில் மாவட்டப் பேஸ்பால் போட்டிகள், ஆகஸ்டில் ஹ்யோகோ மாகாணத்தின் கோஷியென் மைதானத்தில் நாடு தழுவிய உயர்நிலைப் பள்ளிப் போட்டி. ஆறாம் படிக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. தொலைக்காட்சியில் காலை முதல் மாலை வரை அதுதான் ஓடும். ஆகஸ்ட் நடுவில், முன்னோரை நினைவுகூரும் ஓபோன் வாரத்தை மட்டும் காலியாக விடுங்கள். அக்டோபர் இரண்டாவது திங்கள் விளையாட்டு நாள், பள்ளி ஓட்டப்பந்தயங்கள் களைகட்டும் பருவம். 'ஃபுராயிங்கு' என்பதை 'ஃபால்ஸ் ஸ்டார்ட்' ஆக்கவும், 'பாத்தோன் டட்ச்சி'யை 'பேட்டன் பாஸ்' ஆக்கவும், முடிவுக்கோட்டைக் 'கோல்' என்பதை 'ஃபினிஷ் லைன்' ஆக்கவும் அப்போது வாய்ப்பு. ஐந்து கிலோமீட்டர் பள்ளி ஓட்டத்தையும் 'மரசோன்' என்பார்கள். ஆங்கிலத்தில் 42.195 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அந்தப் பெயர் கிடையாது.

மாணவர்களோடு பூங்காவில் இறங்கிப் பந்து விளையாடும் திட்டமிருந்தால் விளையாட்டுப் பாதுகாப்புக் காப்பீட்டை யோசியுங்கள். நான்கு பேராவது கொண்ட குழுவாகச் சேர வேண்டும், காப்பீட்டுக் காலம் ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை. நடுவில் சேர்ந்தாலும் மார்ச்சோடு முடிந்துவிடும் என்பதால் ஏப்ரலிலேயே சேருவதுதான் கணக்கு.

டிசம்பர் இரண்டாம் பாதியில் ஆண்டிறுதி விருந்துகள் வகுப்பை விழுங்கிவிடும். ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவின் ஓதெமாச்சியிலிருந்து ஹகோனே ஏரிக்கரை வரை போய்த் திரும்பும் 217.1 கிலோமீட்டர் ஹகோனே எகிதென். பத்துப் பேர் தோள்பட்டைத் துணியைக் கைமாற்றி ஓடுவது. 'எகிதென்' என்பதை 'லாங் டிஸ்டன்ஸ் ரிலே' என்று விளக்கவைத்தால் ஜனவரி முதல் வகுப்புக்கு வேறு பாடமே தேவைப்படாது. பிப்ரவரி முழுக்கப் பனிச்சறுக்கு, நான்காம் படியின் 'கோ ஸ்கீயிங் இன்' அமைப்பை மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கட்டணம் வாங்குபவர்களுக்குப் பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை வருமான வரிக் கணக்குக் காலம். நிறுவனச் சம்பளக்காரர்களுக்கு, செலவு போக வெளி வருமானம் ஆண்டுக்கு 2,00,000 யென்னைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்வது கட்டாயம். தாண்டாவிட்டாலும் குடியிருப்பு வரிக்காக நகராட்சியில் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அறை வாடகை, நகல் செலவு, ரயில் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி வாரத்தில் வரி அலுவலக வரிசை தெருவரை நீளும், பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள்.